கோட்டையைச் சுற்றினால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 43. வேலூர் சத்துவாச்சாரியில் வீடு. ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைக்கும் பிரிவில் வேலை. காலை ஏழேகாலுக்கு கம்பெனி வேன் ஏறினால் வீடு திரும்ப மாலை ஆறரை. மூன்று வருடம் படுக்கையில் வைத்துப் பார்த்த அம்மா, போன ஆடியில் தவறிவிட்டார். அதிலிருந்து எதிலும் மனசு ஒட்டவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு. சாப்பாடு இறங்குவதில்லை. சில நாள், 'அப்படியே எழுந்திருக்காமலே போயிட்டா தேவலை' என்று தோன்றுகிறது. டாக்டர் மனச்சோர்வுக்கான எஸ்சிடலோபிராம் மாத்திரை 10 மி.கி. கொடுத்து இரண்டு மாதம் ஆகிறது, கொஞ்சம் பரவாயில்லை. என் அண்ணன், 'மாத்திரை பழக்கமாயிடும், தூக்கிப் போடு. தினம் கோட்டையை ரெண்டு சுத்து சுத்து, மனசு தானா சரியாயிடும்' என்கிறார். நான்கு நாள் போனேன். முட்டி வலி எடுத்துவிட்டது. நடந்துக்கினு இருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடித்து, உயிர் போய்விடுமோ என்ற பயம். ஐந்தாம் நாள் எழவே இல்லை. இதுக்குக்கூடத் துப்பில்லையே என்று இன்னும் நொந்துபோனேன். நடந்தால் நிஜமாகவே மனசு சரியாகுமா? வீட்டு வேலையும் கம்பெனி வேலையும் உடற்பயிற்சி ஆகாதா? மாத்திரையை நிறுத்தலாமா? புடவையில் நடக்கலாமா?
- வாசகி, வேலூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நடையைப் பற்றி அப்புறம் பேசுவோம். 'எழுந்திருக்காமலே போயிட்டா தேவலை' என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதை உங்கள் மருத்துவரிடம் இதுவரை சொல்லாவிட்டால், அடுத்த முறை போகும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே போய்ச் சொல்லுங்கள். வீட்டிலும் ஒருவருக்குத் தெரியட்டும். மாத்திரை அட்டைகளை அவர் வாங்கி வைத்துக்கொண்டு, அன்றன்றைக்கு எடுத்துக் கொடுக்கட்டும். அந்த எண்ணம் அடிக்கடி வந்தாலோ, எப்படிச் செய்வது என்று மனம் யோசிக்கத் தொடங்கினாலோ, அன்றைக்கே அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையத்துக்கோ போய்விடுங்கள். நடுராத்திரி என்றால் 14416 என்ற 'டெலி மானஸ்' (அரசின் மனநல உதவி) எண்ணை அழையுங்கள். கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். அப்படிப்பட்ட நாளில் 'ஒரு நடை போய்ட்டு வா, சரியாயிடும்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

மாத்திரையை நிறுத்தக் கூடாது. இரண்டு மாதத்தில் 'கொஞ்சம் பரவாயில்லை' என்று ஆகியிருப்பது மருந்து வேலை செய்யத் தொடங்கியதற்கு அடையாளம். எஸ்சிடலோபிராம் போதைப் பழக்கமாக மாறும் மருந்து கிடையாது. ஆனால் திடீரென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் சுருக்கென்று மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு எல்லாம் வரலாம். உடனே 'பாத்தியா, இது இல்லாம இருக்க முடியல, பழக்கமாயிடுச்சு' என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். முதல் முறை வந்த மனச்சோர்வுக்கு, முழுக்க நலமான பிறகும் ஆறிலிருந்து ஒன்பது மாதம் மருந்தைத் தொடர்வதுதான் வழக்கம். பிறகு மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

அண்ணன் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 50 வயதுக்கு மேற்பட்ட 156 மனச்சோர்வு நோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரித்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 1999-ல் வெளியானது. ஒரு பிரிவுக்கு உடற்பயிற்சி மட்டும்: வாரம் மூன்று நாள், 30 நிமிட வேக நடை அல்லது மெல்லோட்டம். இன்னொரு பிரிவுக்கு செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை மட்டும். மூன்றாவது பிரிவுக்கு இரண்டும். 16 வாரம் கழித்துப் பார்த்தபோது மூன்று பிரிவும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தன. இதைத்தான் பலரும் 'நடையே போதும்' என்று சுருக்கிச் சொல்கிறார்கள். அதே ஆய்வில் தெரிந்த இன்னொன்றைச் சொல்வதில்லை: முதல் சில வாரங்களில் மாத்திரைதான் வேகமாகப் பலன் தந்தது. மேலும் அங்கே பயிற்சி, ஆள் நின்று கவனிக்க, குழுவாக நடந்தது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தீவிரமாக உள்ளவர்களை இம்மாதிரி ஆய்வுகளில் பொதுவாகச் சேர்ப்பதும் இல்லை. 2024-ல் 218 ஆய்வுகளை, 14 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோதும் நடை, மெல்லோட்டம், யோகா, தசை வலுப் பயிற்சி எல்லாமே மனச்சோர்வைக் குறைப்பதாகத் தெரிந்தது. ஆகவே உங்கள் நிலையில் மாத்திரையும் வேண்டும், நடையும் வேண்டும்.

நடையால் மனசுக்குள் என்ன நடக்கிறது? 'எண்டார்ஃபின் (வலியைத் தணிக்க உடலே சுரக்கும் பொருள்) சுரக்கிறது' என்று எல்லாரும் ஒரே பதிலைச் சொல்வார்கள். ரத்தத்தில் ஓடும் எண்டார்ஃபின் மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை, அதனால் அதை மட்டும் வைத்து எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது. பல காரணங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. நடக்கும்போது மூளை நரம்புகளுக்கு உரம் போன்ற ஒரு புரதம் கூடுகிறது. 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், முதியவர்கள் ஓராண்டு வேக நடை பழகியபின், நினைவுக்கும் மனநிலைக்கும் தொடர்புடைய 'ஹிப்போகேம்பஸ்' என்ற மூளைப் பகுதி சுமார் 2 சதவீதம் பெருத்திருந்தது. தூக்கம் ஆழமாகிறது. காலை வெளிச்சத்தில் நடந்தால் உடலின் கடிகாரம் நேராகிறது. மூன்று மணிக்கே விழித்துக்கொள்ளும் உங்களுக்குத் தூக்கம் சீராவது முக்கியம். 'அம்மாவை இன்னும் நல்லா பார்த்திருக்கலாமோ' என்று ஒன்றையே அசைபோடும் மனத்துக்குக் கொஞ்ச நேரம் வேறு பிடிமானமும் கிடைக்கிறது. மூன்று வருடம் உங்கள் நாளுக்கு ஒரு ஒழுங்கைத் தந்தது அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலைதான். மருந்து நேரம், கஞ்சி நேரம், படுக்கை மாற்றும் நேரம் எல்லாம் ஒரே நாளில் இல்லாமல் போய்விட்டன. குறித்த நேரத்தில் நடப்பது அந்த வெறுமையில் ஒரு முளை அடிப்பது மாதிரி.

அப்படியென்றால் நான்கு நாளில் ஏன் கவிழ்ந்தது? துப்பில்லாததால் இல்லை, அளவு தப்பியதால். நாள் முழுக்க மெஷினில் உட்கார்ந்து தைக்கும் கால்கள், அரைகுறைத் தூக்கம், சரியாக இறங்காத சாப்பாடு. இந்த உடம்பு முதல் நாளே கோட்டையை இரண்டு முறை சுற்றியிருக்கிறது. எஸ்சிடலோபிராமையே 20 மில்லிகிராமில் தொடங்கினால் வாந்தியும் படபடப்பும் வந்திருக்கலாம். அதனால்தான் டாக்டர்கள் குறைத்துத் தொடங்குகிறார்கள். நடைக்கும் அதே கணக்குதான். சத்துவாச்சாரியிலிருந்து கோட்டைக்குப் போகவே பஸ் பிடிக்க வேண்டும். மனம் சோர்ந்தவருக்கு நடை தொடங்கும் முன்பே இப்படித் தடங்கல் இருந்தால் எதுவும் நிலைக்காது. கோட்டை ஞாயிற்றுக்கிழமைக்கு இருக்கட்டும். மற்ற நாளுக்கு உங்கள் தெருவே போதும்.

நேரத்தை இப்படி அமைத்துக்கொள்ளுங்கள். மாலை வேனிலிருந்து இறங்கியதும் வீட்டுக்குள் நுழையாதீர்கள். நுழைந்தால் அடுப்பு, துணி, படுக்கை என்று ஏதாவது ஒன்று பிடித்துக்கொள்ளும். இறங்கிய இடத்திலிருந்து ஐந்து நிமிடம் எதிர்த்திசையில் போய், ஐந்து நிமிடம் திரும்பி வாருங்கள். முதல் வாரம் இந்தப் பத்து நிமிடம் மட்டும், ஐந்து நாள். 'இன்னும் போகலாம் போலிருக்கே' என்று தோன்றினாலும் போகாதீர்கள். இரண்டாம் வாரம் 15 நிமிடம், மூன்றாம் வாரம் 20. நான்காம் வாரத்தில் அதே 20 நிமிடத்துக்குள் ஒரு நிமிடம் வேகம், இரண்டு நிமிடம் சாதாரணம் என்று ஐந்து முறை மாற்றி மாற்றி நடங்கள். ஆறாம் வாரம் 25. எட்டாம் வாரத்தில் 30 நிமிடம், ஐந்து நாள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரம் 150 நிமிடம் அங்கே வந்துவிடுகிறது. ஏதாவது ஒரு வாரம் உடம்பு ஒத்துழைக்கவில்லை என்றால் முந்தின வார அளவையே இன்னொரு வாரம் தொடருங்கள்.

இந்த 150-ஐத் தொட முடியவில்லையே என்று பயப்படவும் வேண்டாம். இந்த அளவு நடப்பவர்களுக்கு, எதுவும் செய்யாதவர்களைவிட மனச்சோர்வு வரும் ஆபத்து 25 சதவீதம் குறைவு என்றும், அதில் பாதி அளவு நடப்பவர்களுக்கே 18 சதவீதம் குறைவு என்றும் 2022-ல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு சொல்கிறது. முதல் பாதியிலேயே பெரும்பங்கு பலன் வந்துவிடுகிறது. செல்போனில் பலரும் துரத்தும் பத்தாயிரம் அடிக் கணக்கு மருத்துவர்கள் வகுத்ததே அல்ல. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு காலடி எண்ணும் கருவிக்கு 'பத்தாயிரம் அடி' என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள், அதுவே விதி போல ஊர் ஊராகப் பரவிவிட்டது.

'வேகம்' என்றால் எவ்வளவு? செல்போன் கடிகாரத்தைப் பார்த்து 15 விநாடிக்கு எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். 25 வந்தால் நிமிடத்துக்கு 100 அடி, நமக்குத் தேவையான மிதமான வேகம் அதுதான். எண்ண அலுப்பாக இருந்தால் பேசிப் பாருங்கள்: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. முதல் மூன்று வாரம் இந்த வேகம்கூட வேண்டாம்.

கெட்ட நாட்கள் வரும். அன்றைக்கென்று ஓர் அளவு வைத்துக்கொள்ளுங்கள்: செருப்பை மாட்டி, தெருமுனை வரை போய்த் திரும்புவது. மூன்று நிமிடம். அதுவும் கணக்கில் சேரும். 'மனசு வரட்டும், அப்புறம் நடக்கலாம்' என்று காத்திருந்தால் இந்த நோயில் அந்த மனசு வராது. ஆர்வம் வற்றிப்போவதே நோயின் அறிகுறிதானே. கால் முதலில் போக வேண்டும், மனசு பின்னால் வரும். இதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள், எழுதிப் பார்த்தால் தெரியும். தினசரி நாட்காட்டித் தாளில் மூன்று எண் குறியுங்கள். நடப்பதற்கு முன் மனநிலை பத்துக்கு எத்தனை, நடந்தபின் எத்தனை இருக்கும் என்று நினைக்கிறீர்கள், நிஜமாக எத்தனை இருந்தது. சோர்ந்த மனம் இரண்டாவது எண்ணைப் பெரும்பாலும் குறைத்தே போடும். மூன்று வாரத் தாள்களைச் சேர்த்துப் பார்க்கும்போது அந்தத் தப்புக் கணக்கு உங்கள் கையெழுத்திலேயே இருக்கும்.

பலன் எப்போது தெரியும்? ஒரு நடைக்குப் பிறகு வரும் லேசான தெளிவு சில மணி நேரம் நிற்கும். தூக்கம் சீராக இரண்டு, மூன்று வாரம். ஆர்வம் திரும்ப நான்கிலிருந்து எட்டு வாரம். ஒவ்வொரு நடையின் பலனும் சில மணி நேரக் கணக்குதான் என்பதால், பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவண்ணாமலை போய் 14 கிலோமீட்டர் கிரிவலம் வந்துவிட்டு மற்ற 29 நாளும் உட்கார்ந்திருப்பது இதற்கு ஈடாகாது. கிரிவலம் போங்கள், மனசுக்கு அது வேறு வகையில் நல்லது. நடைக் கணக்கில் மட்டும் சேர்க்காதீர்கள்.

இனி அந்தப் படபடப்பு. நடக்கும்போது நெஞ்சில் அழுத்தும் வலி, அது இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது, கண் இருட்டி விழப்போவது, கொஞ்ச தூரத்துக்கே மூச்சு வாங்குவது, இவற்றில் ஏதாவது இருந்ததா? இருந்தால் நடையை நிறுத்திவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள், ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்வார். அப்படி எதுவும் இல்லாவிட்டாலும் ஹீமோகுளோபின், தைராய்டு (டி.எஸ்.எச்.), சர்க்கரை மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ரத்தசோகையும் தைராய்டு கோளாறும் சோர்வையும் படபடப்பையும் தந்து, மனநோய் போலவே வேஷம் போடும்.

எல்லாம் சரியாக இருந்தால், அது பயத்தின் படபடப்பு. வேகமாக நடந்தால் யாருக்கும் இதயம் வேகமாகத்தான் துடிக்கும். அதை 'ஏதோ ஆகப்போகிறது' என்று மனம் படித்துவிடுகிறது, அந்தப் பயமே துடிப்பை இன்னும் கூட்டுகிறது. நின்று, வீட்டுக்கு ஓடிவந்து படுத்தால் 'நல்லவேளை தப்பித்தோம்' என்று மூளை பாடம் படித்துக்கொள்ளும். அடுத்த நாள் பயம் இன்னும் சீக்கிரம் வரும். பாடத்தை மாற்ற வீட்டிலேயே ஒரு பயிற்சி செய்யலாம். கூடத்தில் நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் முழங்காலைத் தூக்கி நடங்கள். துடிப்பு ஏறும். நின்று, மணிக்கட்டில் விரல் வைத்து, அது தானாக இறங்குவதைக் கவனியுங்கள். இரண்டு, மூன்று நிமிடத்தில் தணியும். மறுபடி ஒரு நிமிடம். இப்படி மூன்று முறை, ஒரு வாரம். ஏறிய துடிப்பு தானாக இறங்கும் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால், தெருவில் அது வரும்போது வேகத்தைக் குறைத்து நடந்துகொண்டே இருக்கலாம். நடைக்கு முன் காபி வேண்டாம், அதுவும் படபடப்பைக் கூட்டும்.

முட்டி வலிக்குப் பெரும்பாலும் திடீர் சுமையும் தேய்ந்த ரப்பர் செருப்புமே காரணம். ஊர் உலகத்துக்கெல்லாம் ஷூ தைத்து அனுப்புகிற மாவட்டங்களில், தைக்கிற பெண்கள் ஹவாய் செருப்போடுதான் நடக்கிறார்கள். விலை உயர்ந்தது தேவையில்லை, குதிகாலைப் பிடித்துக்கொள்ளும், மெத்தென்ற அடியுள்ள கான்வாஸ் ஷூ போதும். அதைக் கம்பெனிப் பையிலேயே வைத்துவிடுங்கள். வலிக்கு ஒரு விதி: மறுநாள் அதே நேரத்துக்குள் வலி அடங்கிவிட்டால் அளவு சரி. அடங்காவிட்டால் அடுத்த நாள் பாதி. வீக்கமோ, ஒரு காலைத் தாங்கி நடப்பதோ இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். முட்டியைத் தாங்கும் தொடைத் தசைக்கு வாரம் இரண்டு நாள், கைப்பிடி இல்லாத நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது எட்டு முறை. சற்று ஓய்வு, மறுபடி எட்டு. அதோடு சுவரில் கை ஊன்றி, உடம்பைச் சாய்த்துத் தள்ளுவது எட்டு முறை. பத்து நிமிட வேலை. மழை நாளில் நடைக்குப் பதிலாகவும் இதைச் செய்யலாம். தசைப் பயிற்சிக்கும் மனச்சோர்வைக் குறைக்கும் தன்மை உண்டு.

வீட்டு வேலையும் கம்பெனி வேலையும் போதாதா என்று கேட்டீர்கள். உடம்பு அலுக்கிறது, உண்மை. ஆனால் ஓய்வு நேரத்தில் தானாக விரும்பிச் செய்யும் பயிற்சிக்கு மனநலத்தோடு உள்ள தொடர்பு, வேலையில் படும் உழைப்புக்குக் கிடைப்பதில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. தையல் மெஷினில் உடம்பு குனிந்தே இருக்கிறது, இலக்குக் கணக்கு தலைமேல் நிற்கிறது, கை மட்டும் ஓடுகிறது. பாத்திரம் கழுவும்போது கை வேலை செய்ய, மனம் பழையதையே அசைபோடுகிறது. யாருக்காகவும் அல்லாமல் உங்களுக்காக மட்டும் ஒதுக்கும் பத்து நிமிடம் வேறு வகை. நார்வேயில் சுமார் 34 ஆயிரம் பேரை 11 ஆண்டு கவனித்த ஆய்வில், எல்லாரும் வாரம் ஒரு மணி நேரமாவது ஓய்வு நேரப் பயிற்சி செய்திருந்தால், பின்னால் வந்த மனச்சோர்வில் 12 சதவீதத்தைத் தவிர்த்திருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். வாரத்துக்கே ஒரு மணி நேரம்தான்.

நம் ஊர் வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கத்திரி நாட்களில் வேலூரில் 40 டிகிரி தாண்டுவது சாதாரணம். மலையும் பாறையும் சூழ்ந்த ஊர், மாலை ஆறரைக்கும் தரை அனல் கக்கும். அந்த நாட்களில் நடையைக் காலை ஐந்தரைக்கு மாற்றுங்கள். எப்படியும் விழித்துத்தான் இருக்கிறீர்கள். கிளம்பும் முன் ஒரு டம்ளர் தண்ணீர், வந்ததும் உப்புப் போட்ட மோரோ கேழ்வரகுக் கூழோ. உங்கள் மாத்திரை சிலருக்கு வியர்வையைக் கூட்டும், பயப்படத் தேவையில்லை.

இதைப் படிக்கும் மற்றவர்களில் வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: லித்தியம் எடுப்பவர்கள் வெயிலில் வியர்த்து நீர் வற்றினால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். கை நடுக்கம் கூடுவது, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம், நாக்குக் குழறல் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ட்ரைஹெக்ஸிஃபெனிடில், அமிட்ரிப்டிலின் போன்றவை வியர்வையைக் குறைத்து உடல் சூட்டை ஏற்றும். ப்ரொப்ரனலால் எடுப்பவர்களுக்கு நாடித்துடிப்பு முழுதாக ஏறாது, அதை வைத்து வேகத்தை அளக்கக் கூடாது. இன்சுலினோ கிளிமெபிரைடோ எடுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கு நடையின்போது வரும் நடுக்கமும் வியர்வையும் தாழ்சர்க்கரையாக இருக்கலாம். பையில் சர்க்கரையோ மிட்டாயோ இருக்கட்டும்.

உங்கள் அண்ணனுக்கு ஒரு வேலை தருகிறேன். சொல்லிவிட்டுப் போகாமல், வாரம் இரண்டு நாள் கூட வந்து நடக்கட்டும். ஞாயிறு காலை கோட்டைக்கு அவரே அழைத்துப் போகட்டும், ஆனால் உங்கள் வேகத்தில், உங்கள் நிமிடக் கணக்கில். கூட ஆள் இருந்தால் நடை நிலைக்கும், தெருநாய்ப் பயமும் குறையும்.

புடவையில் நடக்கலாம். கொசுவத்தைக் கணுக்கால் தெரிய ஏற்றிச் செருகிக்கொள்ளுங்கள், முந்தானையை இடுப்பில் செருகுங்கள். இல்லாவிட்டால் கால் எட்டாமல் சின்னச் சின்ன அடியாக வைப்பீர்கள், வேகம் வராது. சுடிதார் இன்னும் வசதி. காலை இருட்டில் நைட்டிமேல் துப்பட்டா போட்டு நடக்கிற பெண்கள் உங்கள் தெருவிலேயே இரண்டு பேர் இருப்பார்கள். வெளிர் நிறமாக உடுத்துங்கள், சர்வீஸ் ரோட்டில் வண்டி ஓட்டுகிறவன் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.